வண்டியை நிறுத்திவிட்டு ஒரு விழா
மட்டாஞ்சேரியில் மோட்டார் சைக்கிள் பேரணிக்கு நிறைவு காண்பது எப்படி?

மோட்டார் சைக்கிள் மன்றங்கள் நடத்தும் பேரணி பந்தயம் அன்று. குறித்த நேரத்தில் குறித்த தொலைவைக் கடப்பவருக்குப் பரிசளிக்கும் 'ரேலி' என்னும் விளையாட்டுக்குத் தனி விதிகளும், இந்தியாவில் அதை நெறிப்படுத்த எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்னும் கூட்டமைப்பும் உண்டு. இங்கே பேசப்படும் பேரணியோ, வெவ்வேறு ஊர்க்காரர்கள் தத்தம் வண்டியில் கிளம்பி வந்து, ஓரிடத்தில் இரண்டு மூன்று நாள் தங்கி, சுற்றுவட்டாரத்தைச் சேர்ந்து சுற்றிப் பார்த்து, பழகிப் பிரியும் கூட்டம் மட்டுமே. வென்றவர், தோற்றவர் என்று எவரும் இல்லாத அக்கூட்டத்துக்கு முடிவுக்கோடு என்று ஒன்று வரையப்படுவதில்லை என்பதால், நிறைவு விழாவே அந்தக் கோடாகிவிடுகிறது.

ஆயினும் திட்டமிடுவோர் மிகக் குறைவாகச் சிந்திக்கும் பகுதியும் அதுவே. தொடக்க விழாவுக்குக் கொடி, தோரணம், கொடியசைக்க ஒரு பிரமுகர் என்று மாதக்கணக்கில் ஏற்பாடு நடக்க, நிறைவு விழாவோ மிஞ்சிய பணத்தையும் மிஞ்சிய தெம்பையும் கொண்டு ஒப்பேற்றப்படுகிறது. நீண்ட உரைகள், எல்லோருக்கும் ஒரே மாதிரியான கேடயம், காதைப் பிளக்கும் டி.ஜே., நள்ளிரவைத் தாண்டும் விருந்து, மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தூக்கக் கலக்கத்தோடு நெடுஞ்சாலைப் பயணம் என்ற வரிசை ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் மாறாமல் இருக்கிறது. விழா முடிந்ததும் விருந்தினர் பல நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டியாக வேண்டும் என்ற உண்மையை இந்த வரிசை கணக்கில் கொள்வதே இல்லை. திருமண வரவேற்புக்கும் கல்லூரி ஆண்டு விழாவுக்கும் பொருந்தும் அச்சு பேரணிக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணமும் இதுதான்.

இக்குறையைக் களைய விரும்பும் மன்றம் வெளிநாட்டுக் கையேடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. மட்டாஞ்சேரிக்கு இரண்டு கிலோமீட்டர் தொலைவில், ஃபோர்ட் கொச்சியில், முடிவையே மையமாகக் கொண்ட ஒரு விழா நாற்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஐக்கிய நாடுகள் அவை 1985ஐ அனைத்துலக இளைஞர் ஆண்டாக அறிவித்ததை ஒட்டி, 1984 டிசம்பரில் உள்ளூர் இளைஞர்கள் தொடங்கிய கொச்சின் கார்னிவல் என்னும் அவ்விழா, ஆண்டின் கடைசி நாள்களில் கோலப்போட்டி, கயிறிழுத்தல், மிதிவண்டிப் பந்தயம், பைக் பந்தயம் என்று பல போட்டிகளோடு நடைபெறுகிறது. பாப்பாஞ்சி எனப்படும் பிரம்மாண்டமான கிழவன் உருவம் கழிந்த ஆண்டின் அடையாளமாக டிசம்பர் 31 நள்ளிரவில் எரிக்கப்படுகிறது. விழாவைப் பற்றிக் கேள்விப்பட்ட வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் அதோடு எல்லாம் முடிந்துவிடுவதாகவே எண்ணுகின்றனர். உண்மையில் கார்னிவல் நிறைவடைவது மறுநாள், அதாவது ஜனவரி முதல் தேதி, யானையும் செண்டை மேளமும் வேடமிட்டோரும் அலங்கார வண்டிகளும் பட்டப்பகலில் தெருவில் செல்லும் ஊர்வலத்தில்தான்.

விழாவின் உச்சமும் விழாவின் முடிவும் ஒரே பொழுதில் நிகழ வேண்டியதில்லை என்னும் இந்த ஏற்பாட்டில் பெரும் நடைமுறை அறிவு இருக்கிறது. இரவு உணர்ச்சிக்கும் பகல் விடைபெறுவதற்கும் ஒதுக்கப்பட்டுவிடுவதால், இரவில் தவறிப்போனது எதுவோ அதைப் பகல் ஈடுசெய்கிறது. இரவில் வர இயலாத முதியோரும் குழந்தைகளும் பகலில் சேர்ந்துகொள்கின்றனர். மோட்டார் சைக்கிள் பேரணிக்கும் இதே பகுப்பு மிகப் பொருந்தும். நிறைவு விழாவை இரண்டாகப் பிரித்து, எஞ்சின்கள் முற்றிலும் அணைந்த ஒரு மாலையாகவும், எஞ்சின்கள் உயிர்பெறும் ஒரு காலையாகவும் அமைத்தால், மற்ற முடிவுகளில் பல தாமாகவே அமைந்துவிடும்.

அதே கார்னிவலின் தடுமாற்றங்களும் கற்கத்தக்கவை. 2022ஆம் ஆண்டின் கடைசி இரவில் ஃபோர்ட் கொச்சி பரேட் மைதானத்தில் கூட்டம் அளவு கடந்துபோய், நெரிசலில் சிக்கிப் பலர் மருத்துவமனை செல்ல நேர்ந்தது. அதன்பின் காவல் துறை வாகன வரத்தையும் ஆள்வரத்தையும் கடுமையாக நெறிப்படுத்தியது. 2024 டிசம்பர் 26 அன்று முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் மறைந்து ஏழு நாள் துக்கம் அறிவிக்கப்பட்டபோது, பரேட் மைதானத்தில் பாப்பாஞ்சி எரிப்பே கைவிடப்பட்டது. மழை, துக்கம், அனுமதி மறுப்பு என எதுவும் குறுக்கிடலாம் என்பதால், அரை மணி நேரத்தில் ஓர் அறைக்குள் நடத்தி முடிக்கத்தக்க சுருக்க வடிவம் ஒன்றையும் மன்றம் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது நல்லது.

மட்டாஞ்சேரி எந்த மாதிரியான ஊர் என்பதை அறியாமல் அங்கே மாலை நிகழ்ச்சியைத் திட்டமிட இயலாது. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் கொச்சி மன்னருக்குக் கட்டிக்கொடுத்து, பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனை, 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடம், கொங்கணியரின் திருமலைக் கோயில், கச்சி மேமன்களின் பள்ளிவாசல், குஜராத்திகள் பெயரிலேயே ஒரு சாலை ஆகிய அனைத்தும் நடந்து கடக்கும் தொலைவுக்குள் அமைந்த நெரிசலான வணிக ஊர் அது. காயலோரமாக நீளும் பஜார் ரோட்டின் இருபுறமும் மிளகு, இஞ்சி, அரிசி வணிகத்துக்கெனக் கட்டப்பட்ட பழைய கிடங்குகள் நிற்கின்றன. வேலை நாள்களில் சரக்கு லாரியும் சுமைதூக்கும் தொழிலாளரும் நிறைந்திருக்கும் அச்சாலையில் இருநூறு மோட்டார் சைக்கிள்கள் நுழைந்தால் ஊரின் பிழைப்பு நின்றுபோகும். ஆதலால் நிறைவு மாலையைச் சனிக்கிழமையிலும், விடைபெறும் காலையைக் கடைகள் மூடிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் வைப்பதே முறை. அரண்மனை வெள்ளிக்கிழமையும், யூதத் தொழுகைக்கூடம் வெள்ளி, சனி ஆகிய இரு நாளும் பார்வையாளருக்குத் திறப்பதில்லை என்பதால், ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு வியாழக்கிழமையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

காயலைப் பார்த்த முற்றத்தையுடைய கிடங்கு ஒன்றே மாலைக்கு ஏற்ற இடம். திறந்த மைதானத்தில் இல்லாத நெருக்கமும், விடுதி அரங்கில் இல்லாத ஊர்மணமும் அதில் உண்டு. எனினும் இரண்டு தடைகள் உள்ளன. 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி–முசிரிஸ் பினாலே என்னும் கலைக்கண்காட்சி, இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில், இத்தகைய கட்டடங்கள் பலவற்றை மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கண்காட்சிக் காலத்தில் இடம் கிடைப்பது அரிது. மற்றொன்று நெருப்பு. பேரணியின் கடைசி இரவில் விறகைக் குவித்துக் கொளுத்திச் சுற்றி அமர்வது உலகெங்கும் வழக்கம் என்றாலும், மரச்சட்டக் கூரையும் சாக்குமூட்டைகளும் நிறைந்த பஜார் ரோட்டில் அதற்கு இடமே இல்லை. பாப்பாஞ்சிகூட வெட்டவெளியில்தான் எரிகிறது. திறந்தவெளியே வேண்டும் என்போர் ஃபோர்ட் கொச்சிப் பக்கம் 'வெளி' என்று பெயர்கொண்ட மைதானத்தைக் கேட்டுப் பார்க்கலாம். 

எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையை மோட்டார் சைக்கிள் பித்தர்கள் எளிதில் ஏற்பதில்லை. பேரணி முடியும்போது எல்லா வண்டிகளையும் ஒரே நேரத்தில் முறுக்கி உறுமவிடுவதைப் பலர் மரியாதையாகவே கருதுகின்றனர். ஓட்டுக்கூரை வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் சந்துகளில் அது மரியாதை ஆகாது, அத்துமீறலே ஆகும். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லும் மட்டுமே அனுமதிக்கப்பட்ட ஒலியளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சைலன்ஸரை மாற்றிப் பொருத்துவது போன்று வண்டியின் அமைப்பை விதிக்குப் புறம்பாக மாற்றும் உரிமையாளருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. மாலை 4 மணிக்குள் வண்டிகளை ஓரிடத்தில் வரிசையாக நிறுத்திச் சாவிகளைப் பெயரட்டையுடன் ஒருவரிடம் ஒப்படைத்துவிடும் முறை, சட்டச் சிக்கலைத் தவிர்ப்பதோடு, வண்டிகளையே ஒரு கண்காட்சியாக ஆக்கிவிடுகிறது. 1952இல் இந்திய இராணுவம் 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்ததையும், 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தோன்றியதையும், 1961இல் மைசூரில் ஜாவா தயாரிப்பு தொடங்கியதையும், 1985இல் வந்து 1996இல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100ஐயும் ஒரே வரிசையில் நின்று காட்டும் வண்டிகளை ஊர்ச் சிறுவர்கள் வந்து பார்ப்பதைவிட நல்ல விளம்பரம் மன்றத்துக்கு வேறு இல்லை.

வண்டிகளை நிறுத்துவதற்கு முன் ஒரே ஒரு போட்டிக்கு இடமளிக்கலாம். இந்தியப் பேரணிகளில் வெகுகாலமாக வழங்கிவரும் மெதுவோட்டப் பந்தயம், குறுகிய ஊருக்கென்றே கண்டுபிடிக்கப்பட்டதைப் போன்றது: குறிப்பிட்ட சிறு தொலைவை, காலைத் தரையில் ஊன்றாமலும் எஞ்சினை நிறுத்தாமலும், கடைசியாகக் கடப்பவரே வென்றவர். பொங்கல் விளையாட்டுகளில் மெதுவாக மிதிவண்டி ஓட்டும் போட்டியைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிளட்சையும் பின்பிரேக்கையும் ஒருங்கே கையாளும் திறமை இதில் வெளிப்படுவதால் புதிய விலையுயர்ந்த வண்டிக்காரர் தோற்பதும், ஐம்பது ஆண்டுப் பழைய வண்டியில் வந்த முதியவர் வெல்வதும் நடக்கும். பார்ப்போருக்கு அதுவே வேடிக்கை.

இசையைப் பொறுத்தவரை மட்டாஞ்சேரிக்கு வெளியிலிருந்து எதையும் கொண்டுவரத் தேவையில்லை. ஆர்மோனியமும் தபலாவும் வைத்துக்கொண்டு இருபது முப்பது பேர் சுற்றி அமர்ந்து கேட்கும் மெஹ்ஃபில் என்னும் இசையரங்கு இந்த ஊரில் வேரூன்றியது. மெஹபூப் (1926–1981) என்னும் மக்கள் பாடகரும், மலையாளத்தில் கஜலுக்குத் தனி இடம் தேடித்தந்து 2018இல் மறைந்த உம்பாயியும் இம்மண்ணின் கலைஞர்கள். மூன்று நாளும் தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சலைக் கேட்டுக் களைத்த காதுகளுக்கு இன்னும் இரைச்சல் வேண்டுமா என்பதை டி.ஜே. ஏற்பாடு செய்வோர் யோசிக்க வேண்டும். உரத்த இசையை எதிர்பார்க்கும் இளைஞர்கள் முதலில் முகம் சுளிக்கக்கூடும். எனினும் பேச்சுக்கு இடம் தரும் இசையே பிரியும் நாளுக்கு உகந்தது.

உணவும் அப்படியே. கைமா எனப்படும் சிறுமணி அரிசியில் சமைக்கும் கொச்சி பிரியாணியும், மீன் பொள்ளிச்சதும், முடிவில் பாலில்லாத சுலைமானி தேநீரும் போதும். சைவர்களுக்குக் கொங்கணி, குஜராத்திச் சமையற்காரர்கள் அதே ஊரில் இருக்கின்றனர். முக்கியமானது பரிமாறும் நேரம். ஏழரை மணிக்கு இலை போட்டு, ஒன்பதரைக்குள் முடித்துவிட வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு கணக்கு உண்டு. இந்தியச் சட்டப்படி வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருத்தலாகாது. மீறினால் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். உடல் மதுவை மெதுவாகத்தான் அகற்றுகிறது. சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் என்று கொள்ளலாம். நள்ளிரவில் 150 மில்லிகிராம் அளவோடு படுக்கப்போனவரின் இரத்தத்தில் காலை 6 மணிக்கு இன்னும் 60 மில்லிகிராம் இருக்கும். அவர் தெளிந்துவிட்டதாகவே உணர்வார், ஆனால் சட்ட வரம்பைப்போல் இரு மடங்கு மதுவோடு மலைச்சாலையில் ஏறுவார். குளிப்பதாலோ காப்பி குடிப்பதாலோ இந்த எண் குறைவதில்லை. மது விருந்தில்லாத நிறைவு மாலை சுவையற்றது என்று கருதுவோர், பேரணியின் முதல் நாள் இரவில் அதை வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் நிதானமாக எழலாம்.

பாராட்டு வழங்கும் பகுதியில் எதை அளப்பது என்பதே கேள்வி. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு 1936 முதல் நடத்திவரும் எஃப்.ஐ.எம். ரேலியில், வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கையும் அவர்கள் கடந்து வந்த தொலைவுமே மன்றங்களின் தரவரிசைக்கு அடிப்படை. ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் கொடியோடு ஊர்வலம் போவதும் அதன் சிறப்பு. வேகத்துக்குப் பரிசளிக்கும் வழக்கத்தை ஒழித்துத் தொலைவுக்குப் பரிசளிப்பதால், அவசரப்பட்டு ஓட்டும் ஆசைக்கு மன்றமே தூபம் போடாமல் தப்புகிறது. இந்தியப் பேரணிகளில் கண்டுகொள்ளப்படாத மூவர் உண்டு. ஒருவர் பில்லியன், அதாவது பின்னிருக்கையில் அமர்ந்து வருபவர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 690 கிலோமீட்டர் பின்னால் அமர்ந்து வருவதற்கு முன்னால் அமர்ந்து வருவதைவிடக் கூடுதல் பொறுமை தேவை. இன்னொருவர் 'ஸ்வீப்' எனப்படும் கடைசி ஓட்டுநர். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகத் தமது வேகத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தவர். மூன்றாமவர் உதிரிபாகங்களோடு பின்தொடரும் பேக்கப் வண்டியின் மெக்கானிக். இம்மூவரை மேடையேற்றினால் பேரணியை உண்மையில் நடத்தியவர்கள் மேடையேறியதாகும். பெண்களுக்கெனத் தனியாக ஒரு பரிசு வைத்துக் கைதட்டிவிட்டு நகரும் வழக்கத்தை விட்டுவிட்டு, தொலைவுக் கணக்கில் அவர்களையும் சேர்த்தெண்ணுவதே சரியான மதிப்பாகும். கேடயம் என்பது வீட்டு அலமாரிக்கு உரியது, வண்டிப் பையில் அடங்காதது. யூதத்தெருக் கடைகளில் கிடைக்கும் மிளகையும் ஏலக்காயையும் சிறு துணிப்பையில் கட்டிப் பேரணியின் முத்திரையோடு கொடுத்தால், எடுத்துச்செல்ல எளிது, வீட்டாருக்கும் பயன்.

விபத்தில் இறந்த ஓட்டுநர்களை நினைவுகூராத பேரணி இருக்க முடியாது. எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்னும் பத்திரிகையாளர் 1956இல் தொடங்கிய, உறைபனிக் காலத்தில் கூடும் ஜெர்மனியின் எலிஃபாண்டன்டிரெஃபன் என்னும் கூட்டத்தில், இறந்தோர் நினைவாக இரவில் தீப்பந்த ஊர்வலம் செல்கிறது. கொச்சின் கார்னிவலோ போர் நினைவுச்சின்னத்தில் மலர் வைத்துத்தான் தொடங்குகிறது. இவ்விரண்டில் பேரணிக்குப் பொருந்துவது பின்னதன் வழியே. நினைவஞ்சலியை விருந்துக்குப் பிறகு வைத்தால் கலகலப்பு கெடும் அல்லது அஞ்சலி கேலியாகும். மாலை தொடங்கியவுடன், விளக்கேற்றும் நேரத்தில், பெயர்களை வாசித்து ஒரு நிமிடம் நின்றுவிட்டு, அதன்பின் பாட்டுக்கும் உணவுக்கும் போவதே தகும்.

கோவா வாகத்தூரில் நவம்பரில் கூடும் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ரைடர் மேனியா 2023 முதல் மோட்டோவர்ஸ் என்ற பெயரில் நடக்கிறது. 2013இல் தொடங்கிய இந்தியா பைக் வீக்கும் கோவாவில் பெயர்பெற்றதே. இவை நிறுவனப் பணத்தில் இயங்கும் பெருவிழாக்கள். பெரிய மேடை, புகழ்பெற்ற இசைக்குழு ஆகியவை அவற்றுக்குக் கட்டுப்படியாகும். நூறு இருநூறு பேர் சந்தா போட்டுக் கூடும் மன்றம் அவற்றைச் சிறிய அளவில் நகலெடுக்க முயன்றால், மங்கிய நகலாகவே முடியும். சிறு மன்றத்தால் மட்டுமே செய்யக்கூடியவையும் உண்டு: வந்த ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் மேடையில் சொல்லலாம், விருந்தோம்பிய தெருக்காரர்களை உணவுக்கு அழைக்கலாம், அடுத்த ஆண்டுப் பேரணியை நடத்தவிருக்கும் ஊர்க்காரரிடம் கொடியை நேருக்கு நேர் ஒப்படைக்கலாம். அனுமதி வேலைகளில் காவல் நிலையம், மாநகராட்சி, பொது மைதானம் என்றால் ஃபோர்ட் கொச்சி சார் ஆட்சியர் அலுவலகம் ஆகிய மூன்றையும் ஒரு மாதம் முன்பே அணுகிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் உண்மையான நிறைவு. ஆறரை மணிக்கு முன் எந்த எஞ்சினும் இயங்கக் கூடாது. இட்லியோ புட்டும் கடலையுமோ உண்டபின், மிகத் தொலைவு போக வேண்டியவர்கள் முதலிலும் அருகிலுள்ளோர் இறுதியிலுமாக, ஆறேழு வண்டி கொண்ட சிறு குழுக்களாக, ஐந்து நிமிட இடைவெளியில் அனுப்பினால், ஊருக்கும் தொல்லையில்லை, பாலத்திலும் நெரிசலில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் கொடியசைக்க வேண்டியவர் பிரமுகர் அல்லர். தங்கவைத்த வீட்டுக்காரரோ, சமைத்தவரோ, முந்தைய நாள் மெதுவோட்டத்தில் கடைசியாக வந்து வென்றவரோ அசைக்கலாம். செண்டை வாசிப்போர் நான்கைந்து பேர் இருந்தால் போதும், ஒலிபெருக்கி வேண்டாம்.

தோப்பும்படியைக் கடந்து குண்டன்னூர் சந்திப்பை அடைந்ததும் வழிகள் பிரிகின்றன. மூணாறு, போடி வழியாகத் தேனிக்கும் மதுரைக்கும் செல்வோர் தொண்டி வரை நீளும் தேசிய நெடுஞ்சாலை 85ஐப் பிடிப்பர். ஆலப்புழை, கொல்லம் வழியாக நாகர்கோவிலுக்குச் செல்வோர் 66இல் தெற்கே திரும்புவர். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்கும் சேலத்துக்கும் செல்வோர் வடக்கே இடப்பள்ளி போய் 544ஐச் சேர்வர். இந்த மூன்று வழிக்கும் தனித்தனி ஸ்வீப் நியமிக்கப்பட்டு, தமிழக எல்லையைக் கடந்ததும் ஒவ்வொரு குழுவும் மட்டாஞ்சேரியில் தங்கியிருக்கும் அமைப்பாளருக்குத் தகவல் தர வேண்டும். கடைசித் தகவல் வந்து சேரும்வரை அமைப்பாளர்கள் இடத்தைத் துப்புரவாக்கி, கிடங்கின் சாவியை ஒப்படைத்து, கணக்கை முடித்துக்கொண்டிருக்கலாம்.